கேணிக்குக் காவல்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில் வாழைச்சேனையைக் கடந்து வடக்கே போவார்க்குக் கேணி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்பன அவை. கிழக்கே கடல், மேற்கே களப்பும் சதுப்பும். இரு மருங்கும் உப்புநீர் சூழ்ந்த மணல் நிலத்திலே நன்னீர் எங்கே ஊறியதோ அங்கேதான் மனிதர் குடியேறியிருத்தல் வேண்டும். ஊருக்குப் பெயரிடும்போதும் அந்த நீர்நிலையையே அவர்கள் நினைத்தனர். மணலிலே பெய்த மழைநீர், கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்பதைத்தான் இக்கரையோர மக்கள் கிணற்றிலே காண்கின்றனர். அப்படலம் கலங்கினால் ஊர் கலங்கும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளிலே கடல்நீரையும் சேற்றையும் வேறு பல அழுக்கையும் நிரப்பிச் சென்றது. பெருவெள்ளத்தின் பின்னே பேதியும் நெருப்புக்காய்ச்சலும் வருதல் உலகெங்கும் கண்ட வழக்கம். ஆயினும் அவ்வாண்டு இலங்கையில் அத்தகைய பெருந்தொற்று எதுவும் பரவவில்லை. சுகாதாரப் பரிசோதகர்களும் தொண்டர்களும் ஊர் ஊராகச் சென்று கிணறுகளை இறைத்து வெளிற்றுத் தூள் இட்டமை அதற்கு ஒரு காரணம். அவ்வாறு இறைத்தவர்கள் சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி இறைத்துவிட்டதனால் அடியிலிருந்த உவர்நீர் மேலேறியது என்பதும் பின்னர் தெரியவந்தது. நன்மை செய்யும் கைக்கும் அளவு தெரிதல் வேண்டும்.

அந்த வெளிற்றுத் தூளின் உயிர்நிலை குளோரின் என்னும் வாயு. 1774இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சீலே அதனை முதன்முதலிற் பிரித்தெடுத்தார். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறமும் மூக்கை அரிக்கும் மணமும் உடையது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. சிறிதளவு நீரிற் கலந்தால் கிருமியைக் கொல்லும். வைக்கோற் கூழிலே செலுத்தினால் அதன் பழுப்பை நீக்கி வெண்மையாக்கும். இப்பின்னைய பயனுக்காகவே வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு அது வந்து சேர்ந்தது. 1950களின் நடுவிலே எழுந்த அவ்வாலை, மட்டக்களப்பு வயல்களில் அறுவடைக்குப்பின் எஞ்சிய வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்தது. இலங்கையின் பள்ளிப்பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் கடதாசியிலே எழுதிப் படித்தவர்கள்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மீண்டும் மூண்டது. வாழைச்சேனைக்குத் தெற்கே கிரானிலிருந்த இராணுவ முகாமைப் புலிகள் தாக்கினர். அத்தாக்குதலில் அண்மையிலிருந்த கடதாசி ஆலையினின்றும் எடுத்த குளோரினை அவர்கள் திறந்துவிட்டனர் என்றும், அறுபதுக்கு மேற்பட்ட படையினர் அதனாற் பாதிக்கப்பட்டனர் என்றும் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அரசு அல்லாத ஓர் இயக்கம் நவீன காலப் போர்க்களத்தில் இரசாயன ஆயுதத்தைக் கையாண்ட முதல் நிகழ்ச்சி இதுவே என்பது அவர்களது கணிப்பு. அந்த ஜூனிலும் அதன்பின் வந்த மாதங்களிலும் இம்மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட துயரங்களின் முன்னே இந்நிகழ்ச்சி சிறிதாகவே தோன்றும். அதனாற்றான் போலும், உள்ளூரில் இதனை நினைவிற் கொண்டு பேசுவோர் அரியர். ஆனால் வெளிநாடுகளில் நச்சுவாயுவையும் நோய்க்கிருமியையும் பற்றிச் சிந்திக்கும் அறிஞர்கள் தங்கள் நூல்களிலே கிரான் என்னும் ஊர்ப்பெயரைத் தவறாது குறிக்கின்றனர்.

அவர்கள் அங்கே கண்டது யாது? பெருஞ்செலவில் அமைத்த இரகசியத் தொழிற்சாலை எதுவும் அங்கு இருக்கவில்லை. ஆலைக்கு வேலைக்கென வந்த பொருள், வேலைக்கு வைத்திருந்த இடத்திலிருந்தே எடுக்கப்பட்டது. உலகத்தின் அரசுகள் அதுவரை எழுதிவைத்த உடன்படிக்கைகளோ இத்தகைய நிலையை எண்ணிப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அவ்வுடன்படிக்கைகளின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

நீரிலே நஞ்சிடும் எண்ணம் பழமையானது. மைசூரிலே சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909இல் அச்சேற்றிய கௌடிலியரின் அருத்தசாத்திரத்திலே, பகைவர்க்கு நோயும் குருடும் உண்டாக்கும் மருந்துப் பொடிகளைப் பற்றித் தனியே ஓர் அதிகரணம் உண்டு. படிப்பவர்க்கு அருவருப்பு ஊட்டும் பகுதி அது. எனினும் அதே அதிகரணத்தின் முடிவிலே, தன் படைக்கு அத்தகைய கேடு நேர்ந்தால் அதற்கு மாற்று யாது என்பதையும் ஆசிரியர் கூறிச் செல்கிறார். நஞ்சையும் மாற்றையும் ஒரே ஏட்டிலே எழுதியவர் அரச தந்திரம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

நம் காலத்துக் கதை 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே தொடங்குகிறது. ஜேர்மானியப் படையினர் 5,700க்கு மேற்பட்ட உருளைகளைத் திறந்து குளோரினைக் காற்றோடு போகவிட்டனர். கனமான வாயுவாதலின் அது நிலத்தோடு படர்ந்து பதுங்குகுழிகளிலே இறங்கியது. நான்கு நாட்களின் பின் அதே களத்திற்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைப்பிரிவினரும் அவ்வாயுவுக்கு உள்ளாயினர். அவ்வாண்டு செப்டெம்பரிலே பிரித்தானியர் லூஸ் என்னுமிடத்தில் தாமும் அதனைத் திறந்துவிட்டபோது காற்று திரும்பியது. வாயு அவர்கள்மீதே வந்து விழுந்தது.

போர் முடிந்தபின் 1925ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் ஜெனீவாவிலே நாடுகள் கூடி, போரில் நச்சுவாயுவைப் பயன்படுத்துவதில்லை என்று கையொப்பமிட்டன. வாயுவைப் பற்றி மாத்திரம் பேசக் கூடியவர்களிடம், நோய்க்கிருமியையும் சேர்த்துத் தடுத்தல் வேண்டும் என்று எடுத்துரைத்தது போலந்து நாடு. அன்று கிருமிப்போர் பெரிதும் கற்பனையாகவே இருந்தது. ஆயினும் அச்சொற்கள் சேர்க்கப்பட்டன. சுதந்திரம் பெற்ற இலங்கை 1954இல் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது. அந்த ஏட்டிலே இரு பெருங் குறைகள் இருந்தன. பயன்படுத்துதலைத் தடுத்ததேயன்றி, செய்து சேமித்து வைத்தலைத் தடுக்கவில்லை. பல நாடுகள், எம்மீது முதலிற் பயன்படுத்தினால் யாமும் பயன்படுத்துவோம் என்று குறிப்பெழுதியே கையொப்பமிட்டன.

கையொப்பமிட்டும் தன் நாட்டிலே அதனை உறுதிசெய்யாது விட்ட நாடுகளுள் யப்பானும் ஒன்று. மஞ்சூரியாவிலே 731ஆம் பிரிவு என்ற பெயரில் அது நடத்திய நிலையத்தில் உயிருள்ள மனிதர்மீது நோய்கள் சோதிக்கப்பட்டன. 1940இல் சீனத்தின் நிங்போ நகர்மீது பிளேக் நோய் ஏற்றிய தெள்ளுப்பூச்சிகள் விமானத்திலிருந்து தூவப்பட்டன. 1942இல் செக்கியாங் மாகாணத்துக் கிணறுகளிலே கிருமிகள் இடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலிலே ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலை மூழ்கடித்ததை நம் பகுதிப் பெரியோர் கரையில் நின்று பார்த்த கதையாகச் சொல்வர். சீனத்துக் கிணறுகளின் கதை அன்று இங்கு எட்டவில்லை. அக்கிணறுகளில் நஞ்சிட்ட நிலத்துக்குள் நுழைந்த யப்பானியப் படையினரே பலர் நோயுற்றனர் என்பது பின்னர் வெளியாயிற்று. நிலையத்தின் தலைவர்களோ, தம் ஆய்வேடுகளை வென்றவர்களான அமெரிக்கரிடம் ஒப்படைத்து வழக்கினின்றும் தப்பினர். அறிவைப் பெறுவதற்காக நீதியை விலையாகக் கொடுத்த பேரம் என்றே அதனைச் சொல்லவேண்டும்.

1972ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட உயிரியல் ஆயுத உடன்படிக்கை, 1925இன் குறையை நீக்க முயன்றது. கிருமிகளை ஆயுதமாகச் செய்வதும் சேமிப்பதும் முழுமையாகத் தடுக்கப்பட்டன. இலங்கை அன்றே கையொப்பமிட்டு 1986இல் அதனை உறுதிசெய்தது. ஆனால் கையொப்பமிட்ட நாடு சொல்லியபடி நடக்கிறதா என்று சென்று பார்க்கும் அதிகாரம் எவர்க்கும் தரப்படவில்லை. இதன் பயன் விரைவிலே தெரிந்தது. 1979 ஏப்ரலில் சோவியத் நாட்டின் சுவெர்த்லோவ்ஸ்க் நகரிலே, இராணுவ நிலையமொன்றினின்றும் கசிந்த அந்திராக்ஸ் கிருமியால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் நாட்டில் மாடு வளர்ப்போர் அடைப்பான் என்று அஞ்சும் நோய்தான் அது. கெட்ட இறைச்சி உண்டதனால் வந்த நோய் என்று அரசு கூறியது. உடன்படிக்கையின் மூலவர்களுள் ஒன்றான நாடே அதனை மீறிக் கிருமிகளைப் பெருக்கி வந்தது என்பதை 1992இலே எல்ற்சின் ஒப்புக்கொண்டார்.

இரசாயன ஆயுதங்களுக்கோ 1993இல் வேறொரு உடன்படிக்கை பிறந்தது. இலங்கை அதனை 1994இல் உறுதிசெய்தது. 1997இல் அது நடைமுறைக்கு வந்தது. ஹேக் நகரிலே அதற்குத் தனி நிறுவனமும் பரிசோதகர் குழுவும் உண்டு. கிருமிக்கும் அத்தகைய பரிசோதனை முறையொன்று வேண்டுமென 1995 முதல் ஆண்டுக்கணக்கிற் பேச்சு நடந்தது. 2001ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அமெரிக்கா அதனை ஏற்க மறுத்ததும் பேச்சு முறிந்தது. அந்நாளில் ஐக்கிய நாடுகளின் ஆயுதக் குறைப்புத் துறைக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஜயந்த தனபால என்பதை இவ்விடத்தே நினைவுகூர்தல் தகும். அணுவாயுதப் பரவலைத் தடுக்கும் உடன்படிக்கையை 1995இல் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்கும் அவரே தலைவர். உலகத்தின் ஆயுதத்தைக் குறைக்கும் பணியிலே ஒரு சிறு தீவின் மகன் நின்றபோது, அவர் பிறந்த நாட்டிலே போர் ஓயாதிருந்தது. கிருமி உடன்படிக்கைக்கென ஒரு சிறு செயலகம் 2006இலேதான் தீர்மானிக்கப்பட்டது. உலகம் முழுமைக்குமான அச்செயலகம் மூன்றே ஊழியருடன் தொடங்கியது!

இவையெல்லாம் அரசுகளைப் பற்றியன. அரசு அல்லாதாரின் கதை வேறு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே த டால்ஸ் என்ற சிற்றூரில், 1984ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் 751 பேர் வயிற்றுநோயால் வருந்தினர். பத்து உணவகங்களில் வைத்திருந்த பச்சைக் காய்கறிக் கலவைகளில் சல்மொனெல்லா என்ற கிருமி தூவப்பட்டிருந்தது. செய்தவர்கள், இந்தியாவினின்றும் சென்று அங்கே குடியேறிய ரஜ்னீஷ் என்ற ஆசாரியரின் அடியார் சிலர். உள்ளூர்த் தேர்தலில் ஊரார் வாக்களிக்கப் போகாதபடி படுக்கையிற் கிடத்துவதே அவர்களது நோக்கம். எவரும் இறக்கவில்லை. நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியவை இரண்டு. அக்கிருமி, மருத்துவ ஆய்வுகூடங்கள் கொள்வனவு செய்யும் சாதாரண வழியிலேயே அவர்களுக்குக் கிடைத்தது. மற்றது, வந்து ஆராய்ந்த சுகாதார அதிகாரிகள் உணவு பரிமாறியோரின் கை சுத்தமின்மையே காரணம் என்று எண்ணினர். அடியாரிடையே பூசல் மூண்டு உண்மை வெளிப்பட ஓராண்டு சென்றது.

பின்னர் யப்பானிலே ஓம் சின்றிக்கியோ என்ற கூட்டத்தினர் 1993இல் தோக்கியோ நகரின் கட்டடமொன்றின் உச்சியிலிருந்து அந்திராக்ஸ் கிருமியைத் தெளித்தனர். அவர்கள் பெற்றிருந்தது தடுப்பூசிக்குரிய வலுவற்ற வகையாதலின் எவரும் நோயுறவில்லை. நாற்றம் வீசுகிறது என்று அயலார் முறையிட்டதோடு சரி. 1995 மார்ச் 20ஆம் நாள் அவர்களே சுரங்க இரயிலிலே சாரின் என்ற நச்சுப்பொருளை விட்டபோது பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் வைத்தியசாலைகளை நாடினர். 2001இலே அமெரிக்காவில் தபாலுறைகளில் அந்திராக்ஸ் தூளை இட்டு அனுப்பியதால் 22 பேர் நோயுற்று அவர்களுள் ஐவர் இறந்தனர். கிருமியை எதிர்க்கும் ஆராய்ச்சிக்கென அமைந்த இராணுவ ஆய்வுகூடத்து விஞ்ஞானி ஒருவரே அதனைச் செய்தார் என விசாரணை முடிவு கூறியது. வழக்கு மன்றத்துக்கு வருமுன்னரே அவர் இறந்துவிட்டார். காவற்காரன் கையிலேயே திறவுகோல் இருந்தது என்பதை அறிந்து உலகம் திடுக்கிட்டது. 2004 ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1540ஆம் இலக்கத் தீர்மானத்தின்வழி, அரசு அல்லாதார் கையில் அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்கள் சேராதபடி ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தாலே காவல் செய்யவேண்டுமென விதித்தது. கிரானுக்குப் பின் பதினான்கு ஆண்டுகள் சென்றிருந்தன.

இனி, வாயுவுக்கும் கிருமிக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லவேண்டும். குளோரின் போன்ற வாயு தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். நிறமுண்டு, நாற்றமுண்டு, தாக்கியவன் எத்திசையில் நிற்கிறான் என்பதும் தெரியும். கிருமியோ காய்ச்சலாகவும் இருமலாகவும் வந்து வெளிநோயாளர் வரிசையிலே மற்றவரோடு நிற்கும். முதல் நோயாளியைப் பார்க்கும் வைத்தியர்க்கு இது இயற்கையா, விபத்தா, பகையா என்று அறிய வழியேது? ஆகையால், உயிரியற் பயங்கரவாதத்தை எதிர்க்க உலகம் செய்துள்ள ஆயத்தம் அனைத்தையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நம் தாத்தாமார் அறிந்த தொற்றுநோய்க் காவலே. எந்த ஊரில் யார்க்கு என்ன நோய் என்பதை விரைவாக அறிதலும், அறிந்ததை மறையாது சொல்லுதலுமே அதன் உயிர்.

மறையாது சொல்லுதல்தான் நாடுகளுக்குக் கடினமாக இருந்து வந்துள்ளது. 1851இல் பாரிஸ் நகரிலே 12 நாடுகள் கூடி, கப்பல்களை மறித்து வைக்கும் விதியை ஒருமைப்படுத்த ஆறு மாதம் பேசின. உருப்படியாக எதுவும் விளையவில்லை. நோய் உண்டென்று சொல்லும் துறைமுகம் வாணிகத்தை இழக்கும் என்பதே இடையூறு. 1994இலே சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி பரவியதும் மக்கள் பல இலட்சமாக நகரை விட்டு ஓடினர். வளைகுடா நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின. இறந்தோர் தொகை நூறையும் எட்டவில்லை. இழந்த பணமோ பெரிது. அத்தகைய தண்டனை காத்திருக்கும்போது எந்த அரசுக்கு வாய் திறக்க மனம் வரும்?

காவலின் சுமை எவர் தலையில் ஏறியது என்பதையும் பார்த்தல் வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர், மன்னார்க் கடலைக் கடக்குமுன் மண்டபத்திலே இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் வைத்துக்கொண்ட பின்னரே தீவுக்குள் விடப்பட்டனர். வாந்திபேதியும் வைசூரியும் இங்கு வராதபடி அது தடுத்தது மெய். தடுத்து வைக்கப்பட்டவர் ஏழைகள் என்பதும் மெய். பின்னாளில், 1980களிலிருந்து, அதே மண்டபம் முகாம் இலங்கையினின்றும் ஓடிய தமிழ் அகதிகளுக்கு இருப்பிடமாயிற்று. ஒரே வாயிலில் இரு திசைப் பயணம்!

1951இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆறு நோய்களுக்கான பொதுவிதிகளை வகுத்தது. அவ்விதிகள் 2005இல் முற்றாகத் திருத்தப்பட்டு 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. இப்பொழுது நோய்ப் பட்டியலைக் கொண்டு காவல் செய்வதில்லை. உலகைக் கவலைக்குள்ளாக்கக்கூடிய எந்நிகழ்ச்சியானாலும், அதன் தோற்றம் எதுவாயினும், மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். தோற்றம் எதுவாயினும் என்ற சொற்களுக்குள்ளே பகைவன் கையும் அடங்கிவிடுகிறது.

நம் நாட்டுக்கு இதில் நெடிய பழக்கமுண்டு. மட்டக்களப்புக் கிராமங்களிலே ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாயிலில் வேப்பிலை தொங்கும். அதுவே அறிவித்தல்; அயலார் உள்ளே போகார். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியிலே குளிர்த்தி பாடி, வெம்மையும் நோயும் தணிய வேண்டிக்கொள்வர். சட்டம் பின்னரே வந்தது. பம்பாயிலே பிளேக் பரவிய காலத்தில், 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுத்தடைச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, ஒரு குறித்த பரப்புக்கு ஒரு வைத்திய அதிகாரியும் பரிசோதகர்களும் மருத்துவ மாதர்களும் பொறுப்பு என்ற ஏற்பாட்டை நிலைநாட்டியது. 1959இல் தொற்றுநோயியற் பிரிவு அமைந்தது.

இத்தனை இருந்தும் கண்ணயர்ந்தால் யாது நேரும் என்பதற்கு மலேரியாவே சான்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட நோய் அது. டி.டி.டி. மருந்து தெளித்ததன் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே கண்டது. போயிற்று என்று எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. இரத்தம் சோதிப்பதும் தளர்ந்தது. அப்பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மலேரியாவற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற 2016 செப்டெம்பர் வரை இலங்கை காத்திருக்க நேர்ந்தது. போரின் நடுவிலும் வடக்கு கிழக்கிலே இரத்தச் சோதனையை விடாது செய்த ஊழியர்களுக்கு அச்சான்றிதழிலே பெரும் பங்குண்டு. எப்பக்கத்துக் காவலரணையும் அவர்கள் நுளம்பைக் காரணங்காட்டிக் கடந்தனர்.

கடைசியாக, மாங்கேணியை அடுத்த பகுதிக்கே மீளுவோம். 2020 மார்ச்சில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபோது, இத்தாலி, ஈரான், தென்கொரியா நாடுகளினின்றும் வந்தோரைத் தனிமைப்படுத்த அரசு தெரிந்தெடுத்த முதலிடங்களுள் ஒன்று புனானையிலே கட்டியிருந்த பல்கலைக்கழகக் கட்டடம். கட்டுநாயக்காவில் இறங்கியவர் பேருந்திலே நாட்டைக் குறுக்காகக் கடந்து வாழைச்சேனைக்கு மேற்கேயுள்ள அக்காட்டுப் புறத்துக்குக் கொணரப்பட்டனர். ஏன் எங்கள் பக்கம் என்று மட்டக்களப்பார் கேட்டனர். அக்கேள்விக்கு எவரும் முன்கூட்டி விடை ஆயத்தம் செய்திருக்கவில்லை. கட்டிலும் காவலும் ஆயத்தமாயிருந்தன. ஊராரிடம் சொல்லும் வார்த்தை ஆயத்தமாயில்லை.

அதைவிடப் பெரிய காயம் அடுத்து நேர்ந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் நாள், அந்தப் பழைய 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே ஒரு விதி பிறப்பிக்கப்பட்டது. நோயால் இறந்தவர் எச்சமயத்தவராயினும் உடல் எரிக்கப்படவேண்டும் என்றது அவ்விதி. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்று காரணம் கூறப்பட்டது. அதாவது, கேணிகளைக் காக்கவே என்பது வாதம். உலகச் சுகாதார நிறுவனமோ அதற்கு முன்னரே, மார்ச் மாதத்திலே, எரித்தலும் புதைத்தலும் இரண்டும் ஏற்கத்தக்கவை என்று வழிகாட்டியிருந்தது. முஸ்லிம் மக்கள் தம் இறந்தோரை, அவர்களுள் கைக்குழந்தைகளையும், நெருப்பிலிடக் கண்டனர். நோயுற்றால் வைத்தியசாலைக்குப் போகவே அஞ்சும் நிலை உண்டாயிற்று. நோயை அறிந்து அறிவித்தலே காவலின் உயிர் என்று சற்றுமுன் சொன்னேன். அறிவித்தால் தம் தந்தையை எரிப்பர் என்று அஞ்சும் மனிதன் எதனை அறிவிப்பான்? மண்டபத்திலே ஏழைமீது ஏறிய சுமை இங்கே இன்னொரு சாரார்மீது ஏறியது. பகைவன் ஒருவன் கிருமியைத் தூவ எண்ணினால், அவனுக்கு இத்தகைய அச்சத்தைவிடப் பெரிய துணை வேறெதுவும் கிடைக்காது.

2021 பெப்ரவரி 25ஆம் நாள் அவ்விதி திருத்தப்பட்டது. நாட்டின் பல திசைகளினின்றும் வந்த உடல்களுக்கு ஓட்டமாவடியை அடுத்த மஜ்மா நகரில் நிலம் ஒதுக்கப்பட்டது. மார்ச் முதல் அங்கே அடக்கம் நடந்தது. ஓராண்டளவிலே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அடக்கப்பட்டனர்; முஸ்லிம்களோடு வேறு சமயத்தவரும் அவர்களுள் உளர். 2024 ஜூலையிலே அமைச்சரவை அந்த எரிப்பு விதிக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

ஓட்டமாவடியிலே அந்நிலத்தைச் சூழ வாழும் மக்கள், தம் மண்ணின் கீழே ஓடும் நீரைப் பற்றிக் கொழும்பிலே எழுந்த அச்சத்தை அறிந்தே அம்மையவாடிக்கு இடங்கொடுத்தனர். அப்பகுதிக் கிணறுகளில் அவர்கள் இன்றும் நீர் அள்ளுகின்றனர்.